ஏணியும் எண்ணும்
உலகப் பொதுசன அபிப்பிராய ஆய்வுகளின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

மக்கள் மனத்தில் என்ன உள்ளது என்பதை அறிய விரும்பாத அரசு வரலாற்றில் இருந்ததில்லை. ஆயின், அதனை அவர்களிடமே நேரிற் கேட்டறியலாம் என்ற எண்ணம் மிகவும் பிந்தியே தோன்றிற்று. முடியாட்சிக் காலங்களில் அப்பணி ஒற்றர்க்குரியதாயிருந்தது. வள்ளுவர் பொருட்பாலில் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்தமை இதனாலேயாம். இருபதாம் நூற்றாண்டு இதன்கண் செய்த புதுமை யாதெனில், குடிமகனின் வாசலுக்குச் சென்று, வினாக்கொத்தொன்றைக் கையிற் பிடித்தவாறு, அவனது கவலை என்ன, ஆசை என்ன என வெளிப்படையாகக் கேட்டு, விடைகளை எண்ணிக் கணக்கிட்டமையாகும். எனினும் ஒற்றருக்கும் வினாக்கொத்துக்காரருக்கும் இடையிலான தூரம் நாம் எண்ணுமளவு பெரிதன்று என்பதை இக்கட்டுரை பிற்பகுதியிற் காட்டும்.

பொதுசன அபிப்பிராய ஆய்வின் பிறப்பிடம் ஐக்கிய அமெரிக்கா. 1936 ஆம் ஆண்டு சனாதிபதித் தேர்தலின்போது 'லிற்றரறி டைஜெஸ்ற்' என்ற சஞ்சிகை ஏறத்தாழ ஒரு கோடி வாக்குச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பி, அவற்றுள் 20 இலட்சத்திற்கும் மேற்பட்டவை திரும்பி வரப்பெற்று, குடியரசுக் கட்சியினரான லான்டன் பெருவெற்றி பெறுவார் என அறிவித்தது. ரூஸ்வெல்ற் 48 மாநிலங்களுள் 46 ஐக் கைப்பற்றினார். தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோரின் பெயர்ப் பட்டியல்களை நம்பியதும், சீட்டைத் திருப்பியனுப்பும் ஆர்வமுடையோர் மட்டுமே விடையளித்ததும் சஞ்சிகையைக் கவிழ்த்தன. 1935 இல் தமது நிறுவனத்தைத் தொடங்கியிருந்த ஜோர்ஜ் கலப், மிகச் சிறிய ஆனால் ஒழுங்காகத் தெரிந்தெடுக்கப்பட்ட மாதிரியைக் கொண்டு வெற்றியாளரைச் சரியாகக் கூறினார். எண்ணிக்கையின் பெருமை உண்மைக்கு உத்தரவாதம் அன்று என்ற பாடம் அன்று கற்கப்பட்டது. அது எவ்வளவு விரைவில் மறக்கப்பட்டது என்பது வேறு கதை.

ஒரு நாட்டின் தேர்தலை முன்கூட்டிக் கூறுவது ஒன்று. உலக மாந்தரின் கவலைகளை ஒப்பிட்டு நோக்குவது பிறிதொன்று. இரண்டாவது முயற்சி உலகப் போரின் சாம்பலிலிருந்தே எழுந்தது. நாடுகள் ஒன்றையொன்று ஏன் வெறுக்கின்றன என்பதை ஆராயும் நோக்குடன் யுனெஸ்கோ 1948 இல் ஒன்பது நாடுகளில் ஓர் ஆய்வை மேற்கொண்டது. வில்லியம் புக்கனன், ஹட்லி கன்றில் ஆகிய இருவரும் அதன் முடிவுகளை 1953 இல் நூலாக வெளியிட்டனர். அவ்வொன்பதில் அவுஸ்திரேலியாவும் மெக்சிக்கோவும் நீங்கலாக ஏனையவை மேற்கு ஐரோப்பாவும் வட அமெரிக்காவுமே. ஆசியாவிலிருந்தோ ஆபிரிக்காவிலிருந்தோ ஒரு நாடேனும் இல்லை. 'நாடுகள் ஒன்றையொன்று எவ்வாறு நோக்குகின்றன' என்ற தலைப்புடைய ஆய்வொன்றிலே உலகின் பெரும்பான்மையோர் நோக்கப்படவுமில்லை, நோக்குவோராகவுமில்லை.

கீழைத்தேயங்களின் வாசலுக்கு வினாக்கொத்து வந்த விதமும் கவனத்திற்குரியது. 1950-51 இல் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வுநிலையம் ஒன்று துருக்கி, லெபனான், எகிப்து, சிரியா, யோர்தான், ஈரான் ஆகிய நாடுகளில் நடத்திய நேர்முகங்களின் முதல் நோக்கம், 'அமெரிக்காவின் குரல்' முதலிய வெளிநாட்டு வானொலிகளை யார் கேட்கின்றனர் என்பதை அறிவதே. அவ்விடைகளை அடிப்படையாகக் கொண்டே டானியல் லேணர் 1958 இல் மரபுவழிச் சமுதாயத்தின் மறைவு பற்றிய தமது புகழ்பெற்ற நூலை எழுதினார். அன்று அங்காராவுக்கு அண்மையிலிருந்த பல்கற் என்னும் கிராமத்தின் தலைவரும் மளிகைக் கடைக்காரரும் அந்நூலின் முதல் அத்தியாயத்திலே எதிரெதிராக நிறுத்தப்படுகின்றனர். தலைவர் தம் ஊரில் மனநிறைவு கொண்டவர். கடைக்காரரோ பெரிய நகரத்தையும் பெரிய கடையையும் கனவு கண்டவர். லேணரின் பார்வையில் வருங்காலம் கடைக்காரருக்குரியது. அதே ஊரின் இடையர் ஒருவரிடம், நீர் துருக்கியின் சனாதிபதியாயின் என்ன செய்வீர் எனக் கேட்கப்பட்டபோது, அப்படியொரு வினாவைக் கேட்கலாமா என அவர் திகைத்துப் போனார். தன்னைப் பிறிதொருவர் நிலையில் வைத்துப் பார்க்கும் ஆற்றல் இன்மையே மரபுவழி மனிதனின் இயல்பு என்று லேணர் இதிலிருந்து முடிவு செய்தார். இடையரின் திகைப்பிற்கு வேறொரு விளக்கமும் உண்டு. ஆட்டை மேய்ப்பவன் ஒருபோதும் சனாதிபதியாகப் போவதில்லை என்ற சமூக உண்மையை அவர் பேராசிரியரைக் காட்டிலும் தெளிவாக அறிந்திருந்தார். வினாவே அவரைக் கேலி செய்வதாக அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

இதே ஆண்டில் வெளிவந்த சிறிய கட்டுரையொன்று லேணரின் பெருநூலளவுக்குப் பேசப்படவில்லையாயினும், தமிழ் வாசகர் அறிந்திருக்க வேண்டியது. லொயிட் றூடோல்வ், சூசன் றூடோல்வ் தம்பதியர் அன்றைய சென்னை மாநிலத்தில் வினாக்கொத்துடன் களப்பணி செய்த அனுபவத்தை அதில் எழுதினர். அபிப்பிராயம் என்பது தனிமனிதனின் உடைமை, அவனைத் தனியே இருத்திக் கேட்டால் அதனை அவன் எடுத்துத் தருவான் என்ற எடுகோள் ஆய்வுமுறையின் அத்திவாரத்திலேயே உள்ளது. குடும்பமும் சாதியும் ஊரும் கூடி ஒரு கருத்தை உருவாக்கும் சமுதாயத்தில் அவ்வெடுகோள் எளிதிற் பொருந்தவில்லை என்பதே அவர்கள் கண்டது. தெரிவுசெய்யப்பட்ட ஒருவரை நோக்கிக் கேட்ட வினாவுக்குத் திண்ணையில் இருப்போர் அனைவரும் விடை சொல்ல முற்படுவதைக் கிராமத்தில் கணக்கெடுப்புக்குச் சென்ற எவரும் அறிவர். புள்ளிவிபரவியலாளர் இதனை இடையூறு என்பர். மானிடவியலாளர் இதுவே தரவு என்பர். நாம் இரண்டாமவர் பக்கமே சார்வோம்.

இப்பின்னணியில் வைத்து நோக்கும்போதுதான் ஹட்லி கன்றிலின் பிற்கால முயற்சியின் அருமை விளங்கும். பிரின்ஸ்ரன் பல்கலைக்கழக உளவியலாளரான இவர், பிறர் வகுத்த அளவுகோலால் ஒருவனது வாழ்வை அளப்பது தவறு என எண்ணினார். ஆகவே அளவுகோலை விடையளிப்பவனிடமே ஒப்படைத்தார். முதலில், உமது எதிர்காலம் பற்றிய ஆசைகள் யாவை என்று கேட்கப்பட்டது. அடுத்து, உமது அச்சங்களும் கவலைகளும் யாவை என்று. விடைகள் சொல்லியவாறே எழுதிக்கொள்ளப்பட்டன. அதன்பின் ஏணியொன்றின் படம் காட்டப்பட்டது. அடியில் பூச்சியம், உச்சியில் பத்து. உச்சி என்பது நீர் இப்பொழுது விவரித்த மிகச் சிறந்த வாழ்வு. அடி என்பது நீர் அஞ்சும் மிக இழிந்த வாழ்வு. இன்று நீர் எப்படியில் நிற்கின்றீர்? ஐந்தாண்டுகளின் முன் எங்கு நின்றீர்? ஐந்தாண்டுகளின் பின் எங்கு நிற்பீர்? பின்னர் இவ்வினாக்களே நாட்டைக் குறித்தும் கேட்கப்பட்டன.

1957 தொடக்கம் 1963 வரை பதினான்கு நாடுகளில் ஏறத்தாழ 20,000 பேரிடம் இவ்வாறு கேட்கப்பட்டு, 1965 இல் முடிவுகள் நூலுருப் பெற்றன. ஐக்கிய அமெரிக்கா 6.6, கியூபா 6.4, எகிப்து 5.5, யப்பான் 5.2, நைஜீரியா 4.8, போலந்து 4.4, இந்தியா 3.7, டொமினிக்கன் குடியரசு 1.6 என்பன மக்கள் தத்தம் நிகழ்கால வாழ்வுக்கு அளித்த சராசரிப் படிகளுட் சில. இவ்வெண்களைக் காட்டிலும் அவற்றிற்கு முன் எழுதப்பட்ட சொற்களே எமக்கு முக்கியமானவை. எழுத்தறிவற்ற இந்திய விவசாயக் கூலி ஒருவர் தமக்கு ஒரு மகன் வேண்டும், பிறர் நிலத்தில் உழைப்பதை விடுத்து உழுவதற்குச் சொந்தத் துண்டு நிலம் வேண்டும், ஒரு வீடு, பாலுக்கும் நெய்க்கும் ஒரு பசு, மனைவிக்குச் சற்று நல்ல உடை வேண்டும் என்றார். அமெரிக்கத் தொழிலாளி ஒருவரோ சொந்த வீடு, மேலும் நல்ல தளபாடம், புதிய மோட்டார் வண்டி, அதிக விடுமுறை என்றார். நாடு எதுவாயினும், வாழ்க்கைத்தரம், குடும்பம், உடல்நலம் ஆகிய மூன்றுமே மக்கள் தாமாக எடுத்துரைத்த கவலைகளில் முன்னின்றன. அரசியற் கோட்பாடுகளைத் தம் சொந்த ஆசைகளுள் ஒன்றாகக் கூறியோர் எங்கும் சிலரே. பனிப்போர் உச்சத்திலிருந்த காலம் அது. இரு வல்லரசுகளும் எவற்றின் பெயரால் உலகைப் பங்கிட்டனவோ அவை உலகத்தாரின் வாயில் அரிதாகவே வந்தன.

எண்களை நாடுகளின் நிரந்தர இயல்பாகக் கொள்வது பெரும் பிழையாகும். டொமினிக்கன் குடியரசின் 1.6 ஐ எடுத்துக்கொள்வோம். முப்பதாண்டுக்கால சர்வாதிகாரியான ட்ருகியோ 1961 மே மாதம் கொல்லப்பட்டார். ஆய்வு நடந்தது 1962 இல். கொடுங்கோலன் வீழ்ந்த பின்னரும் வயிறு காலியாகவே இருந்த வேளை அது. கியூபாவின் 6.4 உம் அத்தகையதே. புரட்சி வென்று ஓராண்டும் சில மாதங்களும் கழிந்திருந்தன. நகர்ப்புறங்களிலும் அவற்றையொத்த பட்டினங்களிலும் மட்டுமே ஆய்வு நடைபெற்றது. அவ்வெண் ஒரு நாட்டின் செல்வத்தையன்று, ஒரு தருணத்தின் நம்பிக்கையையே அளந்தது.

கியூப ஆய்வு தனிக் கதைக்குரியது. கன்றிலின் சகாவான லொயிட் பிறீ என்பாரின் பொறுப்பில், 1960 ஏப்பிரல்-மே மாதங்களில் ஆயிரம் பேரிடம் நேர்முகம் நடத்தப்பட்டது. அவர்களுட் பாதிப்பேர் ஹவானாவைச் சேர்ந்தோர். பெரும்பான்மையானோர், ஏறத்தாழ 86 சதவீதத்தினர், கஸ்ரோவின் ஆட்சியை ஆதரித்தனர்; அவர்களுள்ளும் பெருந்தொகையினர் தீவிர ஆதரவாளர். அறிக்கை அதே ஆண்டில் வெளியிடப்பட்டு வாஷிங்டனில் அரசாங்க வட்டாரங்களுக்கும் அனுப்பப்பட்டது. 1961 சனவரியில் ஐசனோவர் போய்க் கெனடி வந்தார். ஏப்பிரலில், கியூப மக்கள் கிளர்ந்தெழுவர் என்ற எதிர்பார்ப்புடன் நாடுகடந்த கியூபர் ஆயிரத்து நானூறு பேர் வரையில் பன்றிகள் விரிகுடாவில் இறக்கப்பட்டனர். எவரும் கிளர்ந்தெழவில்லை. மூன்று நாட்களில் யாவும் முடிந்தன. அத்தகைய கிளர்ச்சி வெறுங் கனவு என்பதைத் தமது ஆய்வு முன்னரே காட்டியிருந்தது என்று கன்றில் பின்னாளில் மனம் வருந்தி எழுதினார். ஆயிரம் கியூபர் தம் வாயால் சொன்னதை, அதனைக் கேட்டறியும்படி ஆளனுப்பிய நாட்டின் ஆட்சியாளரே செவிமடுத்திலர்.

ஆளனுப்பியவர் யார் என்ற வினா இங்கு எழுகின்றது. கன்றிலும் பிறீயும் 1955 இல் நிறுவிய சர்வதேச சமூக ஆராய்ச்சி நிறுவனம் ரொக்பெல்லர் என்ற பெயரில் வந்த பத்து இலட்சம் டொலரைக் கொண்டு இயங்குவதாக உலகம் நம்பியிருந்தது. 1977 டிசெம்பரில் 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகை, அப்பணத்தின் உண்மையான ஊற்று அமெரிக்க மத்திய உளவுத் தாபனமே என வெளியிட்டது. கன்றில் 1969 இலேயே காலமாகிவிட்டார். தமது ஏணியை நோக்கி விரலை நீட்டிய கூலிக்கோ, ஹவானாவின் கடைச்சிப்பந்திக்கோ, தம் ஆசைகளையும் அச்சங்களையும் யார் பொருட்டு எடுத்துரைத்தோம் என்பது என்றுமே தெரிந்திருக்கப் போவதில்லை. வள்ளுவர் கூறிய ஒற்றன் தன்னை மறைத்துக்கொண்டு சென்றான். இங்கோ வினாவியவரும் தாம் எவருக்காகச் செல்கின்றோம் என்பதை அறியாதிருந்திருக்கலாம்.

இதனால் ஆய்வு முழுவதையும் கழித்துவிட வேண்டும் என்று வாதிப்போர் உளர். அவ்வாதம் எமக்கு உடன்பாடன்று. பணம் கொடுத்தவனின் நோக்கம் எந்நாட்டிற் கேட்கப்படும், அறிக்கை எவர் மேசைக்குச் செல்லும் என்பவற்றைத் தீர்மானித்தது. அது சிறு விடயமன்று. ஆயின் கூலி கேட்ட பசுவை உளவுத் தாபனம் புனைந்திலது. உண்மையில் கியூப ஆய்வு காட்டுவது இதற்கு நேர்மாறானது. முறைமை நேர்மையாயிருந்தமையால், பணம் தந்த தரப்பினர் கேட்க விரும்பாத விடையையே அது கொண்டுவந்து சேர்த்தது. குற்றம் வினாக்கொத்தில் உள்ளதென்பதைவிட, விடையை உடைமையாகக் கொள்ளும் உரிமை விடையளித்தவனுக்கு இல்லாதிருந்தமையில் உள்ளது என்பதே பொருத்தமாகும்.

கன்றிலின் எண்கள் அவருக்குப் பின் பொருளியலாளரிடம் சென்றன. 1974 இல் றிச்சட் ஈஸ்ரலின், பதினான்கு நாடுகளுள் பத்து நாடுகளின் சராசரி 4.4 க்கும் 5.5 க்கும் இடையிலேயே நெருங்கிக் கிடப்பதைச் சுட்டி, ஒரு நாட்டினுள்ளே செல்வர் வறியவரிலும் மகிழ்வுடையராயினும், நாடுகளிடையே செல்வ வேறுபாடு அத்துணை மகிழ்வு வேறுபாட்டை உண்டாக்கவில்லை என வாதிட்டார். ஒவ்வொருவனும் அயலானை நோக்கியே தன் படியைக் குறிக்கின்றான் என்பது அவர் தந்த விளக்கம். வளர்ச்சியே அனைத்தையும் தீர்க்கும் என்ற அன்றைய வேதவாக்கிற்கு இது பேரிடியாயிற்று. இருபத்தோராம் நூற்றாண்டில் விரிவான தரவுகள் கிடைத்தபின், 2008 இல் அங்கஸ் டீற்றன் 132 நாடுகளை ஒப்பிட்டு, செல்வ நாடுகளின் படி வறிய நாடுகளின் படியிலும் தெளிவாக உயர்ந்தே உள்ளது என எழுதினார். காலப்போக்கிலான மாற்றத்தைப் பொறுத்த வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. பதினான்கு நாடுகளைக் கொண்டு, அவற்றுளும் இரண்டு மூன்று நாடுகள் அசாதாரண அரசியற் சூழலிலிருக்க, உலகப் பொதுவிதியொன்றை எழுப்ப முயன்றமை துணிச்சலே.

வறியோர் மகிழ்வுடன் வாழ்கின்றனர் என்ற கற்பனையில் இன்பங் காண்போர் எக்காலத்தும் உளர். அவர்களுட் பலர் வறியரல்லர். கலப் நிறுவனம் கெற்றறிங் மன்றத்தின் ஆதரவுடன் 1970 களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ அறுபது நாடுகளில் நடத்திய ஆய்வு இவ்விடயத்தில் ஐயத்திற்கிடமின்றிப் பேசியது. பொதுவுடைமை நாடுகள் அதிற் சேர்க்கப்படாவிடினும், உலகளாவியது என்ற பெயருக்கு ஓரளவேனும் தகுதியுடைய முதல் ஆய்வு அதுவே எனலாம். வறுமையிலும் மகிழ்வாக வாழும் மக்கட் பகுதியொன்றைத் தமது ஆய்வு எங்கும் காணவில்லை என 1976 இல் ஜோர்ஜ் கலப் எழுதினார். ஆபிரிக்காவிலும் இந்தியாவிலும் உணவுக்குப் பணமின்றிப் போன நாட்களைப் பற்றிக் கேட்டறிந்தவருக்கு வேறு முடிவு வந்திருக்க இயலாது.

இதற்குச் சில ஆண்டுகளின் முன்னரே பிரான்சில் பியர் பூர்டியூ, பொதுசன அபிப்பிராயம் என்று ஒன்று இல்லை எனக் கூறி அறிஞரைத் திடுக்கிடச் செய்திருந்தார். எல்லாரிடமும் எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு, எல்லா அபிப்பிராயங்களும் சமநிறையுடையன, கேட்கத்தக்க வினாக்கள் எவை என்பதில் யாவரும் உடன்படுகின்றனர் என்னும் மூன்று எடுகோள்களையும் அவர் மறுத்தார். இம்மூன்றாவது மறுப்பே உலக ஆய்வுகளுக்கு ஆழமாகப் பொருந்துவது. உலக வங்கி 1999 இல் இலங்கை உள்ளிட்ட 23 நாடுகளில் வறியோரிடம் நேரிற் கேட்டறியும் பெருமுயற்சியை மேற்கொண்டபோது, முன்னரே வகுத்த வினாக்களை விடுத்துக் கூட்டமாக உரையாட விட்டது. விளைவாக, வருமானக் குறைவைப் போலவே அவமதிப்பும் அதிகாரியின் அலட்சியமும் பொலிசாரைப் பற்றிய அச்சமும் வறுமையின் கூறுகளாக எடுத்துரைக்கப்பட்டன. இவற்றிற்கு வழக்கமான வினாக்கொத்துகளில் பெரிதும் இடமிருந்ததில்லை. திண்ணையில் கூடியிருந்தோரைக் கலைக்காது விட்டமையின் பயன் இது. மறுபுறம், 2015 வரை ஐக்கிய நாடுகள் தாபனம் நடத்திய உலக வாக்கெடுப்பொன்றில் 97 இலட்சம் பேர் வாக்களித்தனர் எனப் பெருமை பேசப்பட்டது. நல்ல கல்வி முதலிடமும், காலநிலை மாற்றத்துக்கெதிரான நடவடிக்கை கடைசியிடமும் பெற்றன. நைஜீரியா, மெக்சிக்கோ, இந்தியா முதலிய சில நாடுகளிலிருந்தே வாக்குகளின் பெருந்தொகை வந்தது. தாமாக முன்வந்தோரின் வாக்குகளை எண்ணிய 'லிற்றரறி டைஜெஸ்ற்' ஆவி வடிவில் திரும்பி வந்ததோ என ஐயுறத் தோன்றுகின்றது.

கேட்கப்படாதோர் பிரச்சினை எமக்குத் தொலைவிலுள்ளதன்று. மாதிரியெடுப்பு பெரும்பாலும் குடிசன மதிப்பையே அடிச்சட்டமாகக் கொள்ளும். இலங்கையில் 1981 இன் பின் இருபதாண்டுகள் குடிசன மதிப்பு நடைபெறவில்லை. 2001 இலும் 18 மாவட்டங்களிலேயே அது முழுமை பெற்றது. 2002 ஆம் ஆண்டின் வீட்டலகு வருமான செலவு ஆய்வு வடக்கு, கிழக்கு மாகாணங்களை நீக்கியே நடத்தப்பட்டது. 2006-07 இன் ஆய்வில் வட மாகாணமும் திருகோணமலை மாவட்டமும் இடம்பெறவில்லை. அவ்வாண்டுகளின் தேசிய வறுமை வீதத்தை மேற்கோள் காட்டுவோர் இந்த 'தேசிய' என்ற அடைமொழி எவரை விலக்கி நிற்கின்றது என்பதை அடிக்குறிப்பிலேனும் எழுதக் கடமைப்பட்டவர்கள்.

2005 தொடக்கம் கலப் நிறுவனம் நடத்திவரும் உலக ஆய்வு, நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் கன்றிலின் ஏணியைப் பயன்படுத்துகின்றது. 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கையின் நாட்டு வரிசை பெரும்பாலும் அதிலிருந்து பெறப்படுவதே. பத்திரிகைகள் ஆண்டுதோறும் அவ்வரிசையைத் தலைப்புச் செய்தியாக்குகின்றன. ஆனால் ஏணிக்கு முன் கன்றில் கேட்ட இரு வினாக்கள், உமது ஆசை யாது, உமது அச்சம் யாது என்பன, அதில் இல்லை. ஏணி மட்டும் தனியே காட்டப்பட்டு எண் மட்டும் பெறப்படுகின்றது. திறந்த விடைகளை எழுதி வகைப்படுத்தக் காலமும் செலவும் அதிகம் என்பது உண்மையே. இதன் விளைவை 2024 இல் வெளியான ஆய்வொன்று பிரித்தானியரிடையே சோதித்தது. ஏணி என்ற உருவகத்துடன் வினாவைக் கேட்கும்போது மக்கள் செல்வத்தையும் அதிகாரத்தையும் கூடுதலாக நினைக்கின்றனர். ஏணியை நீக்கிக் கேட்டால் அந்நினைவு குறைகின்றது. தமிழிலே ஏணி என்பது ஏறுபவனை மட்டுமன்றி, ஏற்றிவிட்டுத் தான் நின்ற இடத்திலேயே நிற்பவரையும் குறிக்கும். ஆசிரியரை அவ்வாறு கூறுவது எம் வழக்கம். அப்பொருளில் ஏணியைப் பார்க்கும் ஒருவர் எப்படியைச் சுட்டுவார் என்பதை, முன்னிரு வினாக்களும் கேட்கப்பட்டிருப்பின், அவருடைய சொற்களிலிருந்தே அறிந்திருக்கலாம்.